அமாவாசைக்கு ஏறும் எண்ணெய்

அத்தியாயம் 5

நூல் அறுந்திருந்தால்கூட மௌனிகாவுக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. அறாமல் இருந்ததுதான் வயிற்றெரிச்சல்.

முந்தாநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அவளே தன் கையால் கட்டிய நூல். டிராக்டர் என்ஜினில் ஆயில் ஊற்றுகிற மூடியைச் சுற்றி மூன்று சுற்று, மேலே ஒரு முடிச்சு, முடிச்சின் மேல் மெழுகு. மெழுகில் அவள் பெருவிரல் ரேகை. இன்று காலை வந்து பார்த்தால் நூல், முடிச்சு, மெழுகு, ரேகை எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ஆனால் ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவினால், மேல் கோட்டையும் தாண்டி இரண்டு விரற்கடை ஏறியிருந்தது எண்ணெய். முகர்ந்தால் டீசல் வாடை மூக்கைத் துளைத்தது.

"அக்கா, பூட்டின ஊட்டுக்குள்ள பொணம் கெடந்தாத்தான் கதை. இங்க பூட்டின என்ஜினுக்குள்ள டீசல் கெடக்குது" என்றான் சந்துரு.

"வாயை மூடுங்க சந்துரு."

"மூடித்தானுங்க இருந்தேன். மூடினதெல்லாம் இங்க தானாத் தொறந்துக்குது."

மௌனிகா குச்சியைத் துடைத்துத் திரும்பச் செருகினாள். பத்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பொய் பிடித்தவள். தனியாக ஆபீஸ் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. சந்துரு அவளுடைய உதவியாள்; வேலையில் பாதி, வாயில் முக்கால். இந்த இரண்டு பேரும் நான்கு நாளாக வேலந்தாவளத்துக்கு மேற்கே ஓடையங்காட்டில், பொங்கியண்ணன் தோட்டத்து டிராக்டர் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். இதுவரை கிடைத்தது கொசுக்கடி மட்டும்தான்.

கேஸ் என்னவோ கேட்பதற்கு எளிது. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக உழுகிற சிவப்பு டிராக்டர். மூன்று மாதமாக அதன் என்ஜின் ஆயிலில் டீசல் கலக்கிறது. எண்ணெய் தண்ணியாகிப் போனால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசும்; ஒருநாள் உழுதுகொண்டிருக்கும்போதே என்ஜின் பிடித்துக்கொள்ளும். அந்த என்ஜினுக்கு உள்சாமான் இனி எந்தக் கடையிலும் கிடைக்காது. வண்டியில் கோளாறு இல்லை என்று மெக்கானிக் பினு அடித்துச் சொல்லிவிட்டான். வண்டி நிரபராதி என்றால் மனுஷன் குற்றவாளி. அந்த மனுஷன் டிரைவர் பெரியமுத்துதான் என்று பொங்கியண்ணன் முடிவு கட்டிவிட்டார்; அதை நிரூபிக்கத்தான் இவளைக் கூப்பிட்டிருந்தார்.

அவர் இப்போதும் கொட்டகை வாசலில்தான் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் நான்காக மடித்த தாள். போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதிய புகார்.

"ஏனுங்க அம்மிணி, நூலு கட்டினீங்களே, என்னாச்சுங்க?"

"அறுகலீங்க."

"ஆயிலு?"

"ஏறியிருக்குதுங்க."

"அப்பறம் என்ன? அவன் அந்தக் குச்சி போற ஓட்டை வழியா ஊத்தியிருப்பான். அதுக்கு நூலு கட்டினீங்களா?"

மௌனிகாவின் முகம் சுண்டிவிட்டது. கட்டவில்லை. இரண்டு நாள் யோசித்துப் போட்ட திட்டத்தில் ஒரு விரல் ஓட்டையை மறந்துவிட்டாள். தன் தலையில் தானே நறுக்கென்று ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நாலு மணிக்கு நான் ஸ்டேஷனுக்குப் போறனுங்க" என்றார் பொங்கியண்ணன். "செபாஸ்டின் இருபத்திரண்டு வருசம் இந்த வண்டியை ஓட்டினான். ஒரு சொட்டு கலந்ததில்லை. வயசாச்சுன்னு அவன் அகளில இருக்கற மக ஊட்டுக்குப் போனான், இந்த இடுக்கிக்காரன் வந்தான். அன்னிக்குப் புடிச்ச கெரகமுங்க. வந்த வாரமே அவனை நாலு பேருக்கு முன்னால வெச்சுத் திட்டினேன். அந்தக் கறுவு. அமாவாசை பார்த்து ஊத்தறான்."

அமாவாசை! அது ஒன்றுதான் இந்தக் கேஸில் ஒழுங்காக நடக்கிற விஷயம். மூன்று மாதம், மூன்று அமாவாசை. ஒவ்வொரு அமாவாசைக்கும் மறுநாள் காலையில்தான் எண்ணெய் ஏறியிருந்தது. மற்ற நாளில் விடிய விடிய உழுதாலும் ஒரு மயிரிழை ஏறுவதில்லை. இந்தப் பக்கத்தில் அமாவாசையன்று ஏர் பூட்டமாட்டார்கள். மாடு இருந்த காலத்தில் மாட்டுக்கு லீவு. இப்போது டிராக்டருக்கு லீவு, டிரைவருக்கும் லீவு. ஆள் நடமாட்டம் இல்லாத நாள். கொட்டகைக்குச் சாவி இரண்டு. ஒன்று பொங்கியண்ணனிடம், மற்றது பெரியமுத்துவிடம்.

"நேத்து நீங்க கொட்டகைக்கு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"காத்தால வந்து சாமி கும்பிட்டேன், பொட்டு வெச்சேன், போனேன். அமாவாசையில வண்டியைத் தொடவே மாட்டனுங்க. அது எங்க ஊட்டுக் கட்டுப்பாடு."

அவர் போனதும் சந்துரு வேலையில் இறங்கினான். ஒரு புனலைக் குச்சி ஓட்டையில் வைத்து, கெட்டுப்போன எண்ணெய்தானே என்று சொம்பிலிருந்து கொஞ்சம் டீசலை ஊற்றிப் பார்த்தான். முக்கால்வாசி அவன் காலில் வழிந்தது.

"ரெண்டு லிட்டர் டீசலை இது வழியா ஊத்தணும்னா அவன் இன்னிக்கு வரைக்கும் ஊத்திட்டுத்தான் இருப்பானுங்க. சிந்தாம ஊத்தணும்னா டாக்டருக்குப் படிச்சிருக்கோணும்."

மௌனிகா குனிந்து பார்த்தாள். புனல் வைக்காத பக்கமெல்லாம் என்ஜின் மேல் புழுதி அப்படியே படிந்திருந்தது. டீசல் சிந்தியிருந்தால் புழுதி கறுத்துச் சேறாகியிருக்கும். ஆக, ஊற்றவில்லை. எவனும் எதையும் ஊற்றவில்லை.

"அப்படின்னா உள்ளேயே கசியுது. கிளம்புங்க, பினு கடைக்கு."

கொழிஞ்சாம்பாறை ரோட்டில் இருந்தது பினுவின் ஒர்க் ஷாப். ஒரு பவர் டில்லருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினான் பினு.

"சேச்சி, நான் பலதடவை சொல்லியாச்சு. உள்ளே ஒரு குழப்பமும் இல்லை. டீசலைத் தள்ளிக் கொடுக்கிற சின்ன பம்பு புதுசு. பெரிய பம்பு கோயம்புத்தூர் போய் ஓட்டிப் பார்த்து வந்தது. நாசில் நாலும் சுத்தம். மூணு மணிக்கூர் ஓட்டினேன், ஏறலை. ராத்திரி முழுக்க இவிடே நிறுத்தி வெச்சேன், ஏறலை. இனி எந்து வேணும்?"

"உண்மை வேணும்" என்றாள் மௌனிகா எரிச்சலோடு.

"அது ஸ்டாக் இல்லை" என்று பினு உள்ளே போய்விட்டான்.

"பார்த்தீங்களா அக்கா, என் வேலைக்குப் போட்டிக்கு ஆள் வந்துருச்சு" என்றான் சந்துரு.

மணி ஒன்றே முக்கால். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒன்று வண்டி பொய் சொல்ல வேண்டும், இல்லை மனுஷன் பொய் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லை என்றால் இவள் எதற்கு? நூல் கட்டினாள், ஓட்டையை விட்டாள். மெக்கானிக்கிடம் போனாள், வாங்கிக் கட்டிக்கொண்டாள். இன்சூரன்ஸ் வேலையையே பார்த்துக்கொண்டு ஒழுங்காகப் பொழைத்திருக்கலாம், விதி யாரை விட்டது என்று வழியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள்.

பெரியமுத்துவின் வீடு தோட்டத்து மூலையில், ஓடு போட்ட ஒற்றைச் சாளை. வாசலில் அவன் மனைவி ராமுத்தாய் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். போலீஸ் வருவதற்கு முன்னால் மகளைச் சக்குபள்ளத்துக்கு அண்ணன் வீட்டுக்கு அனுப்பப் போகிறாளாம். மகள் இந்து பத்தாவது. பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம்.

"என் மாமன் ஏலக்காத் தோட்டத்துல பதினெட்டு வருசம் ஜீப்பு ஓட்டுச்சு" என்றாள் ராமுத்தாய், கண்ணைத் துடைக்காமலே. "ஒரு கேசு கெடையாது, ஒரு பேச்சு கெடையாது. போலீசுக்குப் போயிட்டு வந்த டிரைவருக்கு எவன் சாவி குடுப்பான்? நீங்களே சொல்லுங்க."

மௌனிகா வாசற்படிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியமுத்து எழுந்தான். நான்கு நாளாகவே அவன் இவள் கண்ணைப் பார்ப்பதில்லை. நிரபராதி ஏன் தரையைப் பார்க்க வேண்டும் என்ற கேள்விதான் அவளை ராத்திரி தூங்கவிடாமல் அரித்தது.

"பெரியமுத்தண்ணே, எனக்கு இன்னும் ரெண்டு மணி நேரந்தான் இருக்குது. எதையோ மறைக்கறீங்க. அது தப்பா இருந்தாலும் பரவால்ல. சொல்லுங்க."

அவன் மனைவியைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான். பிறகு உடைந்துவிட்டான்.

"தப்பு என்னுதுதாம்மா."

ராமுத்தாயின் கையிலிருந்து சாக்கு நழுவி, பாத்திரங்கள் உருண்டன.

"நான் ஊத்தலை. ஆத்தா சத்தியமா ஊத்தலை. ஆனா டீசல் டேங்குக்கு அடியில ஒரு டேப்பு இருக்குல்ல? வேலை முடிஞ்சா அதை மூடிட்டுப் போறது என் பழக்கம். பழைய வண்டிக்கு அதான் மொறை. ஆனா ஒவ்வொரு அமாவாசைக்கும் மறுநா காலையில வந்து பார்த்தா டேப்பு தொறந்து கெடக்கு! இன்னையோட மூணு தடவை. இன்னைக்கும் அப்படித்தான். மூடினதா நல்லா ஞாபகம் இருக்கு, ஆனா தொறந்து கெடக்கே! என் கையவே எனக்குச் சந்தேகமாப் போச்சும்மா. மறந்துட்டேன்னு சொன்னா 'மறதிக்காரனுக்கு எதுக்கு வண்டி'ன்னு அனுப்பிருவாரு. அதான் வந்ததும் மொத வேலையா யாருக்கும் தெரியாம மூடிருவேன்."

மௌனிகா போனை எடுத்தாள். "பினு, ஒரே கேள்வி. ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்திப் பார்த்தீங்கல்ல, அப்ப டீசல் டேப் எப்படி இருந்தது?"

"அடச்சு வெச்சிருந்தேன். டேப்பைத் திறந்து போட்டுட்டுப் போற மெக்கானிக் உண்டோ?"

"திறந்து வெச்சிருந்தா?"

அந்தப் பக்கம் ஸ்பேனர் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"சேச்சி" என்றான் பினு, குரல் இறங்கி. "பெரிய பம்போட தண்டில ஒரு ரப்பர் சீல் உண்டு. பழசானா, சூடா ஓடும்போது இறுக்கமா இருக்கும். ஆறினா சுருங்கும். டேங்கு மேல, பம்பு கீழ. டேப்பு திறந்திருந்தா ஒரு பகலும் ஒரு ராத்திரியும் சொட்டுச் சொட்டா உள்ளே இறங்கும். கோயம்புத்தூர்லயும் ஓட்டித்தான் பார்த்தாங்க. அய்யோ, என்ட தப்பு!"

மௌனிகாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. டிரைவருக்கு டேப்பை மூடுகிற நல்ல பழக்கம், மெக்கானிக்குக்கும் அதே நல்ல பழக்கம். ஆளுக்கு ஆள் ஒழுங்காக இருந்து, கசிவைக் கண்ணில் படாமல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"அப்ப கேஸ் முடிஞ்சுதுங்க. டிரைவர் மறதி. போலீஸுக்கு வேலை இல்லை" என்றான் சந்துரு.

"போலீஸுக்கு இல்ல. இவருக்கு வேலை போயிரும்." அவள் பெரியமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். "தினமும் மூடற கை அமாவாசைக்கு முந்தின நாள் மட்டும் மறக்குமா? மூணு மாசமும்? வாங்க கொட்டகைக்கு."

கொட்டகையில் சிவப்பு டிராக்டர் மாப்பிள்ளை மாதிரி நின்றது. ரேடியேட்டரில் மூன்று பொட்டு, விளக்குக்கு ஒன்று ஒன்று, ஸ்டியரிங்கில் ஒன்று, ஸ்பேனர் பெட்டியில் ஒன்று. சந்தனத்தின் மேல் குங்குமம். நேற்று காலையில் பொங்கியண்ணன் வைத்தவை. நான்கு நாளில் நூறு தடவை பார்த்த வண்டி. மௌனிகா குனிந்து, டேங்குக்கு அடியில் இருந்த டேப்பைத் தொட்டாள். காது மாதிரித் தட்டையான பித்தளைப் பிடி. இப்போது மூடியிருந்தது. பிடியின் முன்பக்கம் வெறும் பித்தளை.

கையை எடுத்தாள். ஆள்காட்டி விரல் நுனி சிவந்திருந்தது.

"ரத்தமா அக்கா?"

"குங்குமம்."

டார்ச் அடித்தாள். பிடியின் பின்பக்கத்தில், என்ஜினைப் பார்த்த முகத்தில், ஒரு பொட்டு. நடுவில் அழகாக வைத்த வட்டப் பொட்டு. இவள் விரல் பட்டு ஓரம் கலைந்திருந்தது.

"இந்த இடுக்குல கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத பக்கத்துல யாராச்சும் பொட்டு வெப்பாங்களா, சந்துரு?"

"சாமி எல்லாப் பக்கமும் பார்க்குமுங்க."

"வெக்கற மனுசன் பார்க்க மாட்டான்." அவள் பிடியை அரைச் சுற்று திருப்பி டேப்பைத் திறந்தாள். பொட்டு அப்படியே முன்னால் வந்து நின்றது, நேராக இவள் முகத்தைப் பார்த்து. "பொட்டு வெச்சப்ப இந்த டேப் தொறந்திருக்குது."

"அப்ப முந்தின நாளே பெரியமுத்தண்ணன் தொறந்து போட்டுட்டுப் போயிருந்தா? அதுவும் சரியாத்தானே வருதுங்க."

அடச்சே! அதுவும் சரியாகத்தான் வருகிறது. மௌனிகா டயரில் ஓர் உதை விட்டாள், வலித்தது அவளுக்குத்தான். முந்தாநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு இவர்களும்தானே இங்கே நின்றார்கள்! நூல் கட்டினார்கள். டேப் எப்படி இருந்தது? யார் கவனித்தது?

"சந்துரு, நூல் கட்டினப்ப போட்டோ எடுத்தீங்களா?"

சந்துரு தலையைச் சொறிந்தான். "எடுத்தேன். ஆனா அது... நூலு இல்லீங்க. என்னைத்தான் எடுத்தேன். ஸ்டேட்டஸ்ல போட."

பிடுங்கிப் பார்த்தாள். போனில் சந்துருவின் முகம் முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பல் தெரியச் சிரித்தான். அவன் வலது காதுக்குப் பக்கத்தில், பளிச்சென்று, பித்தளை டேப். மூடியிருந்தது.

"நான் சொன்னேன்ல, என்ர மூஞ்சி ஒருநாள் உலகத்துக்குப் பயன்படும்னு!"

மணி மூன்று நாற்பது. வெளியே பொங்கியண்ணன் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்கிற சத்தம் கேட்டது. மௌனிகா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"ஒரே நிமிசமுங்க. வண்டிக்கு நீங்க பொட்டு வெச்சதைக் கொஞ்சம் காட்டுங்க. எல்லாமே."

"இதென்னங்க கூத்து?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ரேடியேட்டரைக் காட்டினார், விளக்கைக் காட்டினார், ஸ்டியரிங்கைக் காட்டினார். மௌனிகா டேப்பைக் காட்டினாள்.

"இதுவும் நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. அதானே முக்கியம்." அவர் குரலில் ஒரு பெருமை ஏறியது. "எங்கப்பன் காலத்துல அமாவாசைக்குக் காத்தால மாட்டுத் தும்புக் கயித்தை அவுத்து விட்டுட்டுத்தான் பொட்டு வெக்கறது. கட்டிப்போட்ட மாட்டைக் கும்பிடக் கூடாதுங்க. மாட்டை வித்து இந்த வண்டி வாங்கின வருசம் அப்பன் கேட்டாரு, இதுக்குத் தும்பு எங்கடான்னு. இந்த டேப்புத்தான் தும்புன்னு அவரே முடிவு பண்ணினாரு. அன்னிலேர்ந்து அமாவாசைக்குத் தும்பை அவுத்துட்டுத்தான் பொட்டு."

 பெரியமுத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"வண்டியைத் தொடவே மாட்டேன்னீங்களே?" என்றாள் மௌனிகா மெதுவாக.

"தும்பு அவுக்கறது தொடறதுல சேருமாங்க? அது பூசை."

"அவுத்த தும்பைத் திரும்பக் கட்டறது யாருங்க?"

"அது பண்ணையத்து ஆளு வேலை. பொழுது எறங்கையில செபாஸ்டின் வந்து கட்டிட்டுப் போவான். அவன் வேதக்காரன்னாலும் ஒரு அமாவாசை தவறினது..."

அங்கேயே நின்றுவிட்டது பேச்சு. 

"செபாஸ்டின் போய் மூணு மாசம் ஆச்சுங்க" என்றாள் மௌனிகா. "வண்டியில ஒரு சீல் பழசாயிருக்குது. டேப் தொறந்து நின்னா டீசல் ஆயிலுக்குள்ள எறங்குது. இவரு இடுக்கிக்காரரு. அமாவாசைக்கு லீவுன்னு மட்டும் சொன்னீங்க. சாயங்காலம் வந்து தும்பு கட்டணும்னு சொன்னீங்களா?"

பொங்கியண்ணன் பெரியமுத்துவைப் பார்த்தார். நாலு பேருக்கு முன்னால் திட்டிய அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் டேப்பைப் பார்த்தார். சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியதில்லை. இந்த ஊரில் பிறந்தவனுக்கு அது தானாகவே தெரியும், காற்று மாதிரி. மலையிலிருந்து வந்தவனுக்கு யார் சொல்வது?

"அம்மிணி, நாலு மணிக்கு நான் ஸ்டேஷன்ல..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை.

மெதுவாகப் போய் டேப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஐம்பது வருஷமாக அந்தக் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார். அவிழ்த்த கையே பிடியைத் திருப்பியது. விரலெல்லாம் டீசலும் குங்குமமும் அப்பிக்கொண்டன. துடைக்க எதுவும் அகப்படாமல் சட்டைப் பையிலிருந்த தாளை உருவி, அதிலேயே அழுத்தித் துடைத்தார். நான்காக மடித்த புகார் சிவப்பும் எண்ணெயுமாக நைந்துபோனது.

"தப்பு என்ர பேர்ல, பெரியமுத்து" என்றார், தலை நிமிராமல். "இந்தா, கட்டிட்டேன்."

பெரியமுத்து இரண்டு எட்டு முன்னால் வந்தான். மூன்று மாதத்தில் முதல் முறையாக அவன் குரல் கணீரென்று வந்தது.

"இன்னும் கால் சுத்து இருக்கு, முதலாளி."